இருக்கச் சொல்லித் தரும் காசு

2005 செப்டம்பர், சனி இரவு

என்னோடு வேலை செய்யும் இங்கரின் அண்ணனுக்கு மலையில் ஆட்டுப்பண்ணை. ஒஸ்லோவிலிருந்து நானும் கணவரும் இன்று அங்கே போனோம். செங்குத்தான சரிவு, அக்கம்பக்கத்தில் வேறு வீடே இல்லை. கோடை முழுக்க மேலே மேய்ந்த ஆடுகளை அந்த அண்ணன் பண்ணைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

"இதில் வருமானம் கிடைக்குமா?" என்று என் கணவர் அவரிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

பண்ணைக்காரர் சிரித்தார். "ஆடுகளை நம்பினால் பட்டினிதான். அரசாங்கம் மானியம் தருகிறது. நாங்கள் போய்விட்டால் இந்த இடம் காடாகிவிடுமாம்."

திரும்பும்போது காரில் இவர் சொன்னார்: "சனத்தை அதின்ரை காணியிலையே இருக்கச்சொல்லிக் காசு குடுக்கிற அரசாங்கமும் உலகத்திலை இருக்குதப்பா."

"ஓம்," என்றேன்.

ஊரில் எங்களை வெளியேற்றிவிட்டு, எங்கள் காணியில் முள்ளுக்கம்பி அடித்து இராணுவம் இருக்கிறது. அந்த மானியத்தை நினைத்த வியப்பு இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் இவரும் விழித்தபடிதான் படுத்திருக்கிறார்.