ஏலத்தரி

தேனி
3.8.2024

அன்புள்ள மாரிக்கு,

போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

பிளஸ் ஒன் தாவரவியல் வகுப்பு நினைவிருக்கிறதா? கரும்பலகையில் ஏலச்செடியின் அறிவியல் பெயர் ‘எலட்டேரியா’ என்றிருந்தது. நீ எழுந்து, “டீச்சர், இது எஸ்டேட்டுல மலையாளத்துக்காரவுக சொல்ற ஏலத்தரிதானே?” என்றாய். லீவு நாளில் அம்மாவோடு ஜீப்பில் காய் பறிக்கப் போவாயே, அங்கே கேட்ட சொல். வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான், உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

நீ சொன்னதுதான் சரி. ஏலவிதையைக் குறிக்கும் ஏலத்தரியிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்று போன வாரம் படித்தேன். பதினாறு வருஷமாகக் கல்லூரியில் அதை எழுதிப்போடுகிறேன், எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள். 23ஆம் தேதி எங்கள் தாவரவியல் துறை விழா மேடையில் நீ சொன்னதுதான் சரி என்று சொல்லப்போகிறேன், நீ வரவேண்டும்.

உன்
பெனாசிர்


அனுமந்தன்பட்டி
9.8.2024

பெனாசிருக்கு மாரீஸ்வரி எழுதிக்கொள்வது.

அடிப்பாவி, இதைக் கண்டுபிடிக்க உனக்கு இருபத்தாறு வருஷமா? எனக்கு அன்னைக்கே தெரியும்டி. நான் படிப்பை விட்டது உன்னால இல்ல, அம்மாவுக்கு முடியாமப் போச்சு. ஆனா அதுக்கப்புறம் எங்கனயும் நான் கை தூக்கினதில்ல. கிராமசபைக் கூட்டத்துலகூட வாயைத் திறக்க மாட்டேன்.

வர்றேன். ஆனா நீ சிரிச்சதையும் மேடையில சொல்லணும். முடியாதுன்னா விட்டுரு, ஒரு பொட்டலம் ஏலக்காய் மட்டும் குடுத்துவிடுறேன்.

மாரீஸ்வரி


தேனி
14.8.2024

மாரி,

என் மாணவிகள் முன்னால் அதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. சொல்கிறேன். அழைப்பிதழில் உன் பெயரை என் பெயருக்கு மேலே போட்டிருக்கிறேன். வராமல் இருந்துவிடாதே ஆத்தா.

பெனாசிர்


அனுமந்தன்பட்டி
25.8.2024

அன்புள்ள பெனாசிர்,

மைக்கைப் பிடிச்சு, “முதல்ல சிரிச்சது நான்தான்”னு நீ சொல்லிட்ட. எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு.

அப்புறம் பேசவந்த பெரிய மனுசர், ஏலக்காய் செடி உச்சியில காய்க்கும்னு சொன்னாக பாரு! தூர்ல, மண்ணை ஒட்டிச் சரம்விட்டுக் காய்க்கிறதை குனிஞ்சு குனிஞ்சு பறிச்சு எனக்கு இடுப்பு ஒடியிது. பொறுக்க முடியல. என்னை அறியாமலே கையைத் தூக்கிட்டேன். நான் சொல்லி முடிச்சதும் அவுகளே தலையாட்டி ஒத்துக்கிட்டாக.

மறுநாள் ஜீப்புல பதினாலு பொம்பளைகளுக்கும் இந்தக் கதைதான். “நம்ம எஸ்டேட்டுல புழங்குற சொல்லு அம்புட்டுப் பெரிய புத்தகத்துலயா இருக்கு?”ன்னு மலையம்மாள் அக்கா நாலு தடவை கேட்டாக. நாலு தடவையும் ஆமான்னு சொன்னேன், பெருமையா இருந்துச்சு.

நான் கை தூக்கினப்ப நீ மேடையில இருந்து என்னைப் பாத்துச் சிரிச்ச. நானும் பாத்தேன். இந்தச் சிரிப்புக்கு உன்மேல கோவமே வரலடி.

உன்
மாரி