விழுவதற்கு முன்பே வலித்ததா?

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் தாங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் வார்டில், இங்கே கோர்படி பகுதியிலிருந்து வந்த தமிழ் மாமி ஒருவர். கீழே விழுந்ததில், செயற்கை இடுப்பு மூட்டு வைத்த காலே முறிந்துவிட்டது. மூட்டில் கிருமி உண்டா என்று ரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்ல முடியவில்லை. கிருமியைக் காட்டும் அளவு, எலும்பு முறிந்தாலே ஏறிவிடும். முன்பே வலி இருந்திருந்தால்தான் கிருமி என்று சந்தேகிக்கலாம். "விழறதுக்கு முன்னாடி வலி இருந்ததா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். "நஹி, நஹி" என்று மகன் முந்திக்கொண்டு மறுத்தார். மகன் வெளியே போனதும் நான் மாமியிடம் தமிழில் கேட்டேன்.

"மூணு மாசமா வலிடீ. என்னை யார் கேட்டா?"

ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தால், சீழ்!

நீங்களும் போனில், "அம்மா முழங்கால் ஜோரா இருக்கு" என்கிறீர்கள். ஆபரேஷன் உங்களுக்கா நடந்தது?

சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது. பார்சலில் பதிலும் வரட்டும், அம்மா கையெழுத்தில்.

ரோஹிணி