எடுக்காத படத்துக்குக் காரணம்

செப்டம்பர் 3, 2019. செவ்வாய்

என் புருஷன் ஓயார்ஸின் ஃபிலிமைக் கழுவி, குளியலறைக் கொடியில் தொங்கவிட்டேன். இந்த முறையும் நெகடிவ் வெளிறிப் போயிருக்கிறது. தொடர்ந்து மூன்று சுருள் இப்படி. மருந்து பழசோ என்று நேற்றுதான் புதிதாகக் கலக்கினேன். என் சுருளையும் அதே மருந்தில்தான் கழுவினேன், அது திருத்தமாக வந்திருக்கிறது. அப்படியானால் படம் எடுத்தவன் கோளாறு. ஷட்டரை ஆயிரத்தில் வைத்துத் தட்டியிருக்கிறான் — மரத்தடி, படிக்கட்டு, ஆற்றோரம், எல்லாவற்றுக்கும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்து மூடினால் உச்சி வெயிலில் படம் விழும். இந்த மாதத்து மழையில், எங்கள் ரீகா ஊரில் என்ன விழும்?

கேட்டேன்.

"வெயில் நல்லா இருந்துச்சு" என்றான்.

"ஞாயித்துக்கிழமை பூரா மழை. காளான் பறிக்கப் போலாம்னுட்டு நீதான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டே."

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போனவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றான்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தக் காமிராவோடு திரிகிறவன். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இதே ஊரில் செய்தது. ஊரில் யாரிடம் இந்த வகைக் காமிரா இருந்தாலும், கெட்டுப்போனால் எங்கள் சமையலறை மேசைக்குத்தான் வரும். அவன் பழுது பார்ப்பான். பெரிய ஃபிலிமை இருட்டில் வைத்து ஒல்லியாக நறுக்குவதும் கழுவுவதும் என் வேலை. அவன் கணக்குத் தப்பி நான் பார்த்ததில்லை. இப்போது மட்டும் ஏன்?

செப்டம்பர் 5

தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுக்கிறான். எப்போதிலிருந்து?

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆர்விட்ஸ் வந்தான். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. போன வாரம் ஓயார்ஸ் சரி பண்ணிக் கொடுத்த காமிராவை மேசையில் வைத்தான்.

"வீஸ்மா, உன் புருஷன் குடிச்சிட்டு வேலை பாத்தானா? இதைப் பாரு."

திருகாணியைச் சுற்றிக் கீறல்கள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தடம். ஒரு தடவை வழுக்கியதல்ல.

ஓயார்ஸ் உள்ளேயிருந்து வந்தான், வலது கை கால்சட்டைப் பையில். "அது முன்னாடியே இருந்தது" என்றான்.

"என் காமிரா மூஞ்சி எனக்குத் தெரியாதா? என் மூஞ்சியில இருக்குற கோட்டைக்கூட மறந்துடுவேன், இதை மறக்க மாட்டேன்."

"பிடிக்கலன்னா வேற ஆள்கிட்ட குடு."

"வேற ஆளு எங்கடா இருக்கான்? இந்த ஊருக்கு நீ ஒரு பைத்தியம்தான்."

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஓயார்ஸ் உள்ளே போய்விட்டான். ஆர்விட்ஸ் என்னைப் பார்த்தான். நான் வெள்ளரிக்காய் ஊறுகாய் பற்றி ஏதோ பேசி, ஒரு ஜாடியைக் கையில் திணித்து அனுப்பினேன். அவன் போனால் போதும் என்றிருந்தது.

பொய் சொல்லிவிட்டான். பொய் சொல்லத் தெரியாதவன், ஆர்விட்ஸிடமே சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 14, சனி

ஃபிலிம் கேசட்டுகளை வைக்கிற குட்டி டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டுவது அவன் வேலை. போன வருஷத்து டப்பாவையும் இந்த வாரத்து டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து பாதியாகச் சுருங்கியிருக்கிறது. எறும்பு போன தடம் மாதிரி.

எத்தனை வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இது என்ன என்று எனக்குத் தெரியாதா? எழுத்து சுருங்கும், கை நடுங்கும், நடக்கும்போது ஒரு கை வீசாது. அந்த மாத்திரையை நேற்றுகூட ஒரு அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்.

"ஓயார்ஸ், டாக்டரைப் பாக்கலாம்."

"எதுக்கு?"

"கைக்கு."

"கைக்கு என்ன கேடு? மருந்துக்கடையில நின்னு நின்னு உனக்கு எல்லாரும் நோயாளியாத் தெரியுறாங்க."

கதவை அறைந்து சாத்தினான். படுக்கையை முன்னறை சோஃபாவுக்கு மாற்றிக்கொண்டான் — முதுகு வலியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், அதுவும் என்கிட்ட! கோபமா வருது. பயமாவும் இருக்கு. எது முதல்ல வருதுன்னு தெரியல.

செப்டம்பர் 22, ஞாயிறு

இந்தக் குட்டிக் காமிரா வைத்திருக்கிற எங்கள் கழகத்தின் ஒற்றைச் சுருள் வாரம் இன்று ஆரம்பம். ஜின்த்ரா தன் பல் மருத்துவமனையில் வைத்து ஆளுக்கொரு கேசட் கொடுத்தாள். ஒரு வாரம் எடுக்க வேண்டும். அவளே கழுவுவாள். அதற்கடுத்த ஞாயிறு, சுருளை வெட்டாமல் முழுசாக, எக்ஸ்ரே பார்க்கிற விளக்குக் கண்ணாடியில் எல்லாரும் பார்ப்போம்.

சட்டம் போட்டது ஓயார்ஸ். நம் காமிராவைப் படம் எடுக்க இழுத்துத் திறக்கிறோம், மூடுகிறோம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூடும்போது ஃபிலிம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். திறந்துவிட்டு எடுக்காமல் மூடினால் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். அப்படி நிற்கிற ஒவ்வொன்றுக்கும் சபையில் காரணம் சொல்ல வேண்டும் — எதற்குத் திறந்தாய், ஏன் எடுக்கவில்லை. போன வருஷம் ஆர்விட்ஸ் மாட்டிக்கொண்டான். மார்க்கெட்டில் முன்னாள் மனைவி புது ஆளோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தாளாம். ஓயார்ஸ் அவனை விட்டானா? என்ன மீன் என்பதுவரை கேட்டான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒரு யோசனை. அவன் கை நடுங்குவதைப் படம் எடுத்துக் காட்டினால் என்ன? வாயால் சொன்னால் நம்ப மாட்டான், நெகடிவைச் சாமி மாதிரி நம்புவான்.

மாலை சூப் குடித்துக்கொண்டிருந்தான். கரண்டி கிண்ணத்தில் டக் டக்கென்று மோதியது. நான் ஜன்னலோரம் நின்று கைக்குள் மறைத்தே காமிராவைத் திறந்தேன். கண்ணுக்குக் கொண்டு போனேன். அவன் கரண்டியை வைத்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தான், குழந்தை மாதிரி இரண்டு கையாலும்.

மூடிவிட்டேன்.

செப்டம்பர் 25

காலையில் ஷூ கயிறு கட்டும்போது. திறந்தேன், மூடினேன். மதியம் செய்தித்தாள் புரட்டும்போது. இரண்டு தடவை. சோஃபாவில் தூங்கும்போது பார்க்கலாம் என்று போனேன் — தூக்கத்தில் கை அசையாமல் கிடந்தது. பழைய கை. அதையும் எடுக்க முடியவில்லை.

இந்தக் காமிராவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உளவாளிக் காமிராவா என்று கேட்பார்கள். எங்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போது நிஜமாகவே சொந்தப் புருஷனை உளவு பார்க்கிறேன். பிடிச்சுக் குடுக்கவா? நான் என்ன போலீஸ்காரியா?

கடையில் ஒரு சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டேன். நல்லவேளை, அந்த ஆளே சொன்னார். உட்கார முடியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அடுக்களைக்கும் முன்னறைக்கும் அலைகிறேன்.

செப்டம்பர் 27

நேற்றும் இன்றும் ஐந்தாறு தடவை திறந்து மூடினேன். அடக் கடவுளே. உள்ளே இருப்பது கழகத்துச் சுருள்!

செப்டம்பர் 29, ஞாயிறு

கேசட்டைக் கொடுத்துவிட்டேன். நேற்றும் இன்று காலையும் ஓடி ஓடிப் படகு, புறா, மீன்காரி என்று மீதியை நிரப்பினேன். நடுவில் இருக்கிற ஓட்டையை என்ன செய்ய? ஃபிலிம் பின்னால் போகாது. பத்துப் பன்னிரண்டு கட்டம் வரிசையாக வெறுமை. கேட்கப்போவது அவன். சொல்ல வேண்டியது நான். வெளிச்சம் இல்லை என்று சொல்லலாம். காற்று அடித்தது என்று சொல்லலாம். கண்ணில் தூசி.

தொலைந்துவிட்டது என்று கேசட்டைக் குப்பையில் போட்டிருக்கலாமோ?

அக்டோபர் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜின்த்ராவின் காத்திருப்பு அறை. நடுவில் குங்குமப்பூ போட்ட ரொட்டி வளையம், காப்பி. வழக்கம்போல ஓயார்ஸ்தான் விளக்குக் கண்ணாடி முன்னால் நின்றான், இடது கையில் உருப்பெருக்கி, வலது கை பையில். முதலில் ஆர்விட்ஸின் சுருள்.

"இந்த வெத்துக் கட்டம் என்ன?"

"டிராம்ல ஒரு பொண்ணு அழகாத் தூங்கிட்டிருந்தா. பக்கத்துல அவ அப்பன் முழிச்சிட்டிருந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது என்னுடையது.

"படகுத்துறை. நல்லா இருக்கு. பாலம். சுமார்." அவன் குனிந்து ஒவ்வொன்றாக நகர்ந்தான். வெறுமை ஆரம்பிக்கிற இடம் வந்தது. என் வாயில் மூன்று பொய் தயாராக இருந்தது. உருப்பெருக்கி நிற்கவே இல்லை. ஓட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், "படகு. புறா. மீன்காரி. மீன்காரி நல்லா வந்திருக்கா. அடுத்த சுருள்" என்றான்.

யாரையும் விட்டுப் பழக்கமில்லாதவன் என்னை விட்டுவிட்டான்.

"டேய், நில்லு நில்லு" என்றான் ஆர்விட்ஸ். "நடுவுல இவ்வளவு நீளம் மொட்டையாக் கெடக்கு. பொண்டாட்டிக்குத் தனிச் சட்டமா? என்னை மட்டும் மீன் பேரு வரைக்கும் கேட்டே?"

"அடுத்த சுருள்."

"முடியாது. வீஸ்மா, நீ சொல்லு."

"வெளிச்சம் பத்தல —" என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாத" என்றான் ஓயார்ஸ். நிமிரக்கூட இல்லை. "அது என் கை. எல்லாமே என் கைதான். சூப் குடிக்கும்போது ஒண்ணு, ஷூ மாட்டும்போது ஒண்ணு. நீ திறக்கற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் ரிப்பேரே பண்றேன்."

வலது கையைப் பையிலிருந்து எடுத்து விளக்குக் கண்ணாடியின் மேல் வைத்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தன. கீழிருந்து வெளிச்சம் அடித்ததால் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

ஆர்விட்ஸ் தன் காமிராவைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ என் காமிராவுல அந்தக் கீறல் —" என்றான் ஆர்விட்ஸ்.

"நான்தான்."

"சரி, விடு. கீறல் இருந்தா திருடன் எடுக்க மாட்டான்."

ஆர்விட்ஸ் காப்பி ஊற்றினான். எங்களுக்கெல்லாம் முழுக் கோப்பை, ஓயார்ஸுக்கு மட்டும் பாதி. ஓயார்ஸ் அதைப் பார்த்தான். வலது கையாலேயே எடுத்துக் குடித்தான். கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

"அடுத்த சுருள் யாரோடது?" என்றாள் ஜின்த்ரா.

"என்னோடது. பாக்க ஒண்ணுமில்ல. எல்லாம் ஆயிரத்துல வச்சு எடுத்தது, கை ஆடினது படத்துல தெரியக் கூடாதுன்னு."

அக்டோபர் 7, திங்கள்

நேற்று வீடு வரும்வரை அவன் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தான். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேனா? நான் எதுவும் சொல்லவில்லையே. திறந்ததே குற்றமா?

இன்று காலை கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "நரம்பு டாக்டர் எந்தெந்தக் கெழமை வருவாரு?" என்றான்.

இத்தனை நாளாக இதற்குத்தானே அலைந்தேன்? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

டாக்டர் சின்னப் பெண். ஒரு காகிதம் கொடுத்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிக் கோடு வரையச் சொன்னாள். வரைந்தான். "சுருள்லேர்ந்து ஃபிலிம் கழண்டு விழுந்த மாதிரி இருக்கு" என்று அவனே சொன்னான். அவளுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தாள். பிறகு சிரிக்காமல் பெயரைச் சொன்னாள். பார்க்கின்சன். எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்தை என் கடையில் நானே எடுத்துக் கொடுத்தேன். வாய் தானாக எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னது: "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி."

"சரிங்க மேடம்" என்றான்.

நவம்பர் 4

சோஃபா முதுகை உடைக்கிறதாம். படுக்கைக்கே வந்துவிட்டான்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று மாலை, போரில் செத்தவர்களுக்காக வருஷா வருஷம் செய்வதுபோல, கோட்டைச் சுவரில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். அவன் ஷட்டரை அரை நொடியில் வைத்தான், கையிலேயே பிடித்து எடுத்தான். இன்று கழுவிப் பார்த்தேன். ஒவ்வொரு தீபமும் புழு மாதிரி நெளிகிறது. தூக்கிப் போடுவான் என்று நினைத்தேன். தேதி போட்டு டப்பாவில் வைத்தான்.

இப்போது ஸ்க்ரூ டிரைவர் என் கையில், வாய் அவனுடையது. "அது இல்ல, இடது பக்கம்! மெதுவா! மாத்திரை எண்றியா?" இன்று காமிராவை அவன் மேல் எறியப் பார்த்தேன்.

ஆனால் வீட்டில் காட்டுகிற கையை வெளியில் காட்டுவதில்லை. தெருவில், டிராமில், கடையில் அது இன்னும் பைக்குள்தான். அடுத்த வருஷம் எப்படி இருக்கும்? அதற்கடுத்த வருஷம்? மாத்திரையின் அளவு எப்படி ஏறும் என்று எனக்கு மனப்பாடம். தெரியாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் பனி. டிராமில் நல்ல கூட்டம். ஓயார்ஸின் கோட்டு மேல் பட்டன் திறந்து கழுத்தில் குளிர் ஏறியது. இடது கையால் முயன்றான், முடியவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன், அவனுக்குப் பிடிக்காதே என்று. சின்னப் பிள்ளைகள், பை வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், அத்தனை பேர் நடுவிலும் வலது கையைப் பையிலிருந்து எடுத்து என் தோளைத் தட்டினான்.

"வீஸ்மா, எனக்கு வரல. நீ போட்டு விடு" என்றான். சத்தமாகவே சொன்னான்.

போட்டுவிட்டேன்.