ஒரு சோடிக்கு மூன்று விலைமனுக்கள்

2025 பெப்ரவரி 3, திங்கள்

7.10 பஸ் பிலிமத்தலாவைச் சந்தியில் என் கண்ணெதிரே நகர்ந்தது. இருபது அடி ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. பதினேழு வயதிலிருந்தே நான் எதற்கும் ஓடுவதில்லை. ஓடினால் என்ன ஆடும், யார் யார் பார்ப்பார்கள் என்று தெரியும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள் மாதிரி நின்றேன். அடுத்த பஸ்ஸில் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. மாதத்தின் முதல் வேலைநாளிலேயே கோட்டுக்குக் கீழே, பிந்தி வந்தவர்களோடு கையெழுத்து.

மாலை முதுகு வலிக்கு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதுகில பிழை ஒண்டும் இல்லை. முன்னுக்கு இருக்கிற பாரம்தான் இழுக்குது. குறைச்சால் சுகம் வரும்" என்றார். பக்கத்துக்கு எழுநூறு கிராம் அளவில் எடுக்கலாமாம். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் மார்பைப் பற்றி என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

பெப்ரவரி 6, வியாழன்

மூன்று தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தேன். மூவரும் "இவ்வளவிலிருந்து தொடங்கும்" என்கிறார்கள். எங்கே முடியும் என்று கேட்டால் நேரில் வரச் சொல்கிறார்கள். போனை எடுத்த ஒரு பிள்ளை, பெருப்பிக்கவா என்று கேட்டாள். அதற்கு இந்த மாதம் விலைக்கழிவு இருக்கிறதாம். குறைக்க என்றேன். அதற்குக் கழிவு இல்லையாம்.

பதினெட்டு வருடமாகச் சபையின் கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். கூட்டுகிற ஒரு தும்புத்தடி வாங்கவும் மூன்று விலைமனு எடுக்கிறவள். என் சொந்த உடம்புக்கு மட்டும் வாய்ப்பேச்சா?

பெப்ரவரி 10, திங்கள்

மதிய இடைவேளையில் கடிதம் அடித்தேன். தெருவிளக்கு மின்குமிழ்களுக்குப் போன வாரம் அனுப்பிய கடிதத்தைத் திறந்து, தலைப்பில் சபையின் பெயரை எடுத்துவிட்டு என் பெயர், நிரஞ்சனி தனபாலன். பொருள்: மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை. அளவு: ஒரு சோடி. எல்லாக் கட்டணமும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். 'உத்தரவாதக் காலம்' என்ற வரியை எடுக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

காகிதம் என்னுடையது. தபால் முத்திரை என்னுடையது. அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

பெப்ரவரி 14, வெள்ளி

இவரிடம் சொன்னேன். ஹார்ட்வெயார் கடையில் நின்று ஊராருடைய கூரைக் கவலை, குழாய்க் கவலை எல்லாவற்றையும் மணிக்கணக்காகக் கேட்கிற மனுஷன், மனைவியின் முதுகைப் பற்றி ஒரு நிமிடம்தான் கேட்டார்.

"இருக்கிறத வெட்டி எறியவா லட்சக்கணக்குல? ஆசப்படுறவங்க எத்தன பேரு" என்றார்.

யார் அந்த ஆசைப்படுகிறவர்கள் என்று கேட்டேன். தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "பக்கத்துக்கு எழுநூறு கிராம் ஆணி. கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு நாள் கடையில நில்லுங்க. அப்புறம் பேசுவோம்."

சிரித்தார். ஒரு வாரமே நிற்கிறேன் என்றார். நிற்கட்டும், பார்க்கிறேன்.

பெப்ரவரி 17, திங்கள்

காலை ஆறரைக்கு நானே கடைத் தராசில் நிறுத்தேன். இரண்டரை அங்குல ஆணி. முதலில் ஐந்நூறு கிராமை வைத்துப் போதும் என்றார். கையைத் தட்டிவிட்டேன். இரண்டு பைகள், சணல் கயிறு, மேலே சட்டை.

மாலை வந்தவரின் கழுத்தில் கயிறு பதிந்த தடம். சாப்பிட்ட பிறகுதான் சொன்னார். பதினொரு மணிக்கு ஒருவர் 'என்ன மொதலாளி, நெஞ்சுல என்ன?' என்று தொட்டே பார்த்துவிட்டாராம். அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டு பேசினார்களாம். இரண்டு மணிக்குக் கழற்றிவிட்டாராம்.

"பாரத்தக் கூடத் தாங்கிக்கலாம். அந்தப் பார்வதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தைலம் கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

ஒரு விலைமனுவும் வீட்டுக்கு வரவில்லை. என் சோடிக்குச் சந்தையில் கேள்வி இல்லை போலிருக்கிறது.

பெப்ரவரி 27, வியாழன்

எங்கிருந்து எழுதுவது?

நேற்றைய சிவராத்திரி விழிப்பில் கண் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு மின்குமிழ் விலைமனுப் பெட்டி திறப்பு. பெறுகைக் குழுவில் வழமையான மூவர்: செயலாளர் மெடம், பொறியியலாளர் சேர், கணக்காளர். எதிரே கதிரைகளில் விலைமனு போட்டவர்கள். எல்லோர் முன்னிலையிலும் உறையைக் கிழித்து விலையை உரக்க வாசிப்பது என் வேலை. இரண்டு மின்குமிழ் வியாபாரிகளுக்கு நடுவே டை கட்டிய ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். புதுக் கம்பனி என்று நினைத்தேன்.

ஐந்து உறைகள் மின்குமிழ். ஆறாவது உறையின் இடது மூலையில், தடித்த எழுத்தில் — அது. ஒரு சோடி.

அப்போதுதான் புரிந்தது. கடிதத்தின் தலைப்பை மாற்றினேன், பொருளை மாற்றினேன், அடியிலிருந்த வரிகளை மாற்றவில்லை. 'முத்திரையிட்ட உறையின் இடது மேல் மூலையில் பொருளைக் குறிப்பிட்டு, 27ஆம் திகதி பி.ப. 2 மணிக்கு முன் சபையின் விலைமனுப் பெட்டியில் இடவும். திறக்கும்போது சமூகமளிக்கலாம்.' மூன்று ஆஸ்பத்திரிகளும் சொன்னபடி செய்திருக்கின்றன. ஒன்று ஆளையும் அனுப்பியிருக்கிறது.

என் வாய் திறக்கவில்லை. சேர் கையை நீட்டி வாங்கி, பிரித்து, மனதுக்குள் வாசித்தார். காது சிவந்தது. கணக்காளரிடம் தள்ளினார். கணக்காளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதை எந்தச் செலவினத் தலைப்பில் போடுவது என்று சிங்களத்தில் கேட்டார். இது கொள்வனவே அல்ல, அகற்றல், ஆகவே இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்றார் சேர். அகற்றுவதென்றால் பாவனைக்கு உதவாது என்று முதலில் வேறொரு குழு பரிசோதித்துச் சான்று தர வேண்டுமே என்றார் கணக்காளர். இருவரும் சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறெங்கும் பார்த்துவிடுவோமோ என்று பயந்து கூரையைப் பார்த்தார்கள். இதற்கிடையில் ஒரு வியாபாரி டை கட்டியவரிடம், உங்களுடையது எத்தனை வாட் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மெடம்தான் மூன்று உறைகளையும் கேட்டு வாங்கினார். சொந்தத் தேவையா என்று தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார்: 'பெட்டியில் காணப்பட்ட தனிப்பட்ட உறைகள் மூன்று உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டன.' என் கையாலேயே எழுதினேன். எழுத்து வழமைபோல் நேராகவே விழுந்தது. பதினெட்டு வருடப் பழக்கம்.

பிறகு கழிப்பறையில் போய் அழுதேன். என் பக்கத்து மேசை பர்ஹானா, கெலிஓயாவிலிருந்து வருகிறவள், வந்து கதவைத் தட்டினாள்.

"நிரஞ்சனி மிஸ், அழுதது போதும். உறைகளக் கொண்டு வாங்க, எவ்வளவு எண்டு பாப்போம். எனக்கும் முதுகு வலி ஈக்கி."

மார்ச் 3, திங்கள்

பர்ஹானாவும் நானும் ஒப்பீட்டு அட்டவணை போட்டோம். ஆஸ்பத்திரிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர்.

அ — பார்த்தவுடன் மிகக் குறைவு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து: மயக்க மருந்து வேறு, அறை வேறு, வெட்டி எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வேறு, ஆறு வாரம் போட வேண்டிய இறுக்கமான உள்ளாடை வேறு, கட்டு மாற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் வேறு. கூட்டினால் மூன்றிலும் அதுதான் அதிகம்.

ஆ — எல்லாம் உள்ளடக்கமாம். உத்தரவாதக் காலம்: 'வாழ்நாள்.' யாருடைய வாழ்நாள்?

இ — எட்டு லட்சத்துச் சொச்சம். உத்தரவாத வரிக்கு எதிரே அந்த வைத்தியர் கையாலேயே எழுதியிருக்கிறார். உத்தரவாதம் தர முடியாது. தழும்பு முற்றாக மறையாது. இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒரே அளவில் இராது. உணர்ச்சி குறையலாம், திரும்பி வராமலும் போகலாம். காயம் பிரிந்தால் மறுபடி தைக்க நேரும், அதற்கு இவ்வளவு. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.

பதினெட்டு வருடத்தில் ஒரு விற்பனையாளரும் எனக்கு இப்படி எழுதியதில்லை. விலை போடாத அந்த வரிகளைத்தான் பஸ்ஸில் திரும்பத் திரும்ப வாசித்தேன். உணர்ச்சி போய்விட்டால்? பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பட்டி அறுத்துத் தோளில் விழுந்த குழிக்கு மட்டும் யார் விலை போட்டார்கள்?

மார்ச் 5, புதன்

அட்டவணையை இவர் முன்னால் வைத்தேன். சரக்குப் பட்டியல் பார்க்கிற அதே முகத்தோடு அரை மணி நேரம் பார்த்தார். 'இ'யில் விரலை வைத்தார்.

"கொறைய மொதல்லயே சொல்றவன்கிட்ட வாங்கலாம்" என்றார். பிறகு, "ரொம்ப வலிக்குமா?" என்றார். எட்டு லட்சத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கழுவ வேண்டிய பாத்திரம் இருந்ததால் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில், சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிற இடர் கடனுக்கு விண்ணப்பித்தேன். அது பாதிக்கும் காணாது, மீதி என் சேமிப்பு. பிணை இருவர். ஒருவர் பர்ஹானா. மற்றவர் கணக்காளர், தானாகவே வந்தார். 'கடனின் நோக்கம்' என்ற இடத்தை வாசிக்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது.

மார்ச் 19, புதன்

மெடம் கூப்பிட்டார். மின்குமிழ் கோப்பாக்கும் என்று தூக்கிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு பிரதி வேண்டுமாம், தங்கைக்காம். நேற்று தபால் பிரிவில் ஒருவர் கேட்டார், அவருக்கும் தங்கை. இதுவரை நான்கு தங்கைகள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக் காலை. குளிக்கும்போது ஒரு நிமிடம் கண்ணாடியைப் பார்த்தேன். கோபம் இல்லை. ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

வலி. எழுத முடியவில்லை.

மே 9, வெள்ளி

வலப் பக்கம் தையல் ஓரிடத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறது. மறுபடி தைக்கத் தேவையில்லை, கட்டு மட்டும் அதிகம். ஆய்வுகூட அறிக்கை வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. இடது 690 கிராம், வலது 735 கிராம்.

இவர் அறிக்கையை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்ப வலப்பக்கம் முப்பத்தஞ்சு கிராம் கொறைச்சலாத்தான் சொமந்திருக்கேன்" என்றார். அதுவும் இரண்டு மணி வரைக்கும்தான் என்றேன். சிரித்ததில் தையல் வலித்தது.

ஜூன் 16, திங்கள்

இடப் பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. வருமோ வராதோ. 'இ'யில் எழுதித் தந்ததுதான், வாசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனாலும் தொட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துக்கமாக இருக்கிறது.

7.10 பஸ் சந்தியில் நகர்ந்துகொண்டிருந்தது. கைப்பை தோளிலேயே கிடந்தது. ஓடினேன். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார்.

சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து.