வண்டி ஒழுகாத ஞாயிறு

என் அருமைப் பிடிவாதக்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ ஆனை மாதிரி வாங்கி நிறுத்திவிட்டுப் போன டீசல் எஸ்யூவியும் சுகம். நீ முதலில் தேடுவது அதைத்தானே, அதனால் தேட விடாமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். போன் இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று கேட்பாய். போனில் எனக்கு எங்கே இடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் நல்லா இருக்கியாம்மா, சரி அப்பாகிட்ட குடு என்கிறாய், பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இது.

நீ கிளம்பின நாள் எனக்கு மறக்காது. அவ்வளவு தூரத்து வேலை வேண்டாம் என்று அவர் சொல்ல, போயே தீருவேன் என்று நீ நிற்க, அந்த மனுஷன் வாசல்வரைக்கும்கூட வராமல் உள்ளே உட்கார்ந்து ஏற்கெனவே படித்த பேப்பரைப் படித்தார். நீயாவது உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னாயா? வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று போனாய். இரண்டு பேரும் ஒரே அச்சு. அப்புறம் மாதக்கணக்கில் நீ கூப்பிட்டாலே அவர் குளிக்கப் போய்விடுவார். அவ்வளவு சுத்தமான மனுஷன் இந்தத் தெருவிலேயே இல்லை. பிறகு ஒருநாள் வண்டிக்கு அடியில் நாலு சொட்டு ஆயில் கிடந்தது, நான் பேச்சுவாக்கில் உன்னிடம் சொன்னேன். அவ்வளவுதான், அப்பாவைக் கூப்பிடு என்று துடித்தாய். என் முட்டி வீங்கி மாடி ஏற முடியவில்லை என்றபோது பார்த்துக்கம்மா என்று சொன்ன அதே வாய்தான். இருக்கட்டும், வண்டியாலாவது அப்பாவும் பெண்ணும் பேசினீர்களே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அடித்த கூத்தைக் கேட்காதே. ஆயில் எங்கே விழுகிறது என்று பார்க்க அடியில் அட்டை விரிக்கச் சொன்னாய், நான் புது மிக்சி வந்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன், அதைக் கிழித்துப் போட்டார். இன்ஜினைத் துடைத்துவிட்டுப் பவுடர் தூவினால் கசிகிற இடம் ஈரமாகத் தெரியும் என்றாய், என் பவுடர் டப்பா காலி. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கித் தந்ததில்லை, இன்ஜினுக்கு மேக்கப் போடுகிறார்! கடைசியில் இன்ஜின் தலையில் இருக்கிற மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை, கேஸ்கட்டாம், அது தேய்ந்துவிட்டது என்று நம் வாயாடி மெக்கானிக் புதுசு மாற்றிக் கொடுத்தான். தரை பளிச்சென்று ஆனது. அந்த ஞாயிறு நீ என்ன பேசினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? வண்டி ஒழுகலையா, நல்லதுப்பா, சரி அம்மாகிட்ட குடு. அவ்வளவுதான். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே மறுபடி ஒழுக ஆரம்பித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மெக்கானிக் வந்து இறுக்கிவிட்டுப் போவான், இரண்டு நாளில் மறுபடி ஒழுகும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் அதை அலசி ஆராய்வீர்கள்.

போன வாரம் என் முட்டியைக் காட்ட டாக்டரிடம் போகும்போது சிக்னலில் நம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை. உயிரே போய்விட்டது எனக்கு. முட்டியாவது ஒன்றாவது, கதவைத் திறந்து சின்னப் பெண் மாதிரி குதித்தேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சூடான சைலன்சர் குழாய்மேல ஆயில் சொட்டிருக்கு, தீப்பிடிக்காம இருந்ததே பெருசு, இது தானா லூசாகிற போல்ட் இல்லம்மா, யாரோ கழட்டுறாங்க என்று என் காதில் போட்டான். சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால் உன் அப்பா பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பேனரோடு நிற்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். திருதிருவென்று விழித்து, இறுக்குறேன் என்றார். எனக்கு இன்ஜின் தெரியாது, ஆனால் பாட்டில் மூடியை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று தெரியாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், இறுக்கிட்டா அப்புறம் அவ எங்கிட்ட என்ன பேசுவா என்றார். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை மெக்கானிக்கை வரவழைத்து எல்லா போல்ட்டையும் சரியாக இறுக்கச் சொல்லிவிட்டேன், ஸ்பேனர் இப்போது பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் பூட்டி இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு ஞாயிறு போயிருக்கும், காய்ந்த தரையை வைத்துக்கொண்டு இன்னும் ஒழுகுது என்று உன்னிடம் புளுகியிருப்பார். என்னைக் காட்டிக்கொடுக்காதே. ஆனால் இனிமேல் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாய் என்றால் போனைத் தூக்கி எறிவேன். வேறு ஏதாவது கேள். நீங்க எப்படி இருக்கீங்கப்பா என்று கேள், நாலு சொட்டு ஆயிலுக்குப் பட்ட கவலையில் பாதி போதும். முதலில் ஒன்றும் சொல்லமாட்டார், அதற்காகச் சட்டென்று வைத்துவிடாதே. தொண்டையைச் செருமுவார், அதற்கப்புறம் பேசுவார். இன்று காலையும் அட்டையை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன இடத்தில் உனக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

முட்டி வீக்கம் இப்போது தேவலை, நீ கேட்கமாட்டாய் என்று நானே சொல்லிவிட்டேன்,

உன் அம்மா