பக்கத்துக் கட்டில்காரனைப் பழிவாங்கிய விவரம்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. என் இரண்டு சிறுநீரகங்களைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்குப் போன் போட்டு நன்றி சொன்னாயாமே, சித்தி சொன்னாள், எனக்குக் கொதித்த கொதிப்பில் டயாலிசிஸ் மிஷின் அலாரமே அடித்துவிட்டது. அவன் என் பரம விரோதியம்மா. போதும், இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று அவன் ஒருவனிடம்தான் ரகசியமாகச் சொன்னேன், துரோகி, என் ரத்தம் மிஷினைச் சுற்றி வருவதற்குள் நர்ஸம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். டாக்டர்கள் படையே திரண்டு வந்தது, ஒருத்திதான் வந்தாள் என்பாள் உன் சித்தி, அவளுக்கு எண்ணத் தெரியாது. மனசு டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, தூங்குறீங்களா, சாப்பாடு ருசிக்குதா, எதுலயாவது ஆசை இருக்கா என்று குடைந்தெடுத்தாள். கையில் இரண்டு ஊசி, நான் எங்கே ஓடுவது. இது கோழைத்தனம் இல்லைங்க, மனச்சோர்வுன்னு ஒரு நோய், டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு நிறைய வரும், வைத்தியம் இருக்கு என்றாள். ஒரு மாத்திரை, டயாலிசிஸ் நடக்கும்போதே பேச்சு. முதலில் வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். சில வாரம் கழித்து ஒரு காலையில் நானாகவே மீசையைக் கத்தரித்துக்கொண்டேன். என்னைப் பற்றி டாக்டரம்மா புத்தகமே எழுதப்போகிறாள் என்று கேள்வி.

தெம்பு வந்ததும் முதல் வேலை பழிவாங்குவதுதான். ஜன்னலோரக் கட்டிலுக்கு எனக்கும் அவனுக்கும் எப்போதும் குஸ்தி, முந்தி வந்து துண்டு போட்டுவிடுவான். போன தடவை அவனே, நீயே படுத்துக்கய்யா, எனக்கெதுக்கு ஜன்னலு என்றான். ஜெயித்துவிட்டேன் என்று ஏறிப் படுத்தேன், வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. வரமாட்டேன் என்று முடிவெடுத்த வாரம் எனக்கெதுக்கு ரேடியோ என்று நான் அவனிடம் அதைக் கொடுத்ததும் இதே குரலில்தான். திரும்பிப் பார்த்தேன், அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரை இஷ்டத்துக்குக் குடித்துக் கால் வீங்கியிருக்கிறது, பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. மாட்டினான்! நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காதோடு காதாக, அவன் எனக்குச் செய்ததை அப்படியே திருப்பிச் செய்தேன். இன்றைக்கு டாக்டரம்மாவின் ஸ்டூல் அவன் கட்டிலோரம், அவன் கையிலும் இரண்டு ஊசி, எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, யோவ் மீசை, நான் நல்லாயிட்டு வந்து உன்னை வெச்சுக்கறேன் பாரு என்றான். ரொம்ப நாளாக அடுத்த வாரம் என்ற பேச்சே வராத வாயம்மா அது. வாடா பாக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காகவாவது நான் ஒரு தடவைகூடத் தவறாமல் போக வேண்டும்.

நீயும் அங்கே தனியாக இருக்கிறாய், தூக்கம் கெட்டால் யாரிடமாவது சொல், ஓட்டை வாய்க்காரனாகப் பார்த்துச் சொல். நூறு வருஷம் நன்றாக இரு. மறக்காமல் அவனுக்கு இன்னொரு போன் போட்டு, போட்டுக் கொடுத்தது சித்தப்பாதான், ஊரெல்லாம் பெருமையடிக்கிறார் என்று சொல். அவன் கோபம் மட்டும் ஆறிவிடக் கூடாது.

இப்போதைக்கு ஜன்னலோரத்தில் இருக்கும்
உன் சித்தப்பா