கடற்கல்

கார்சா முனை, வஹாகா கடற்கரை
11 பிப்ரவரி 1996

நிகானோருக்கு,

உன் முகவரியை அடுத்த வீட்டு செனைதாவின் தம்பி எழுதி அனுப்பினான். இரண்டு வருடமாக நீ அனுப்பாத முகவரி. வடக்கே அந்தத் தக்காளித் தோட்டத்துப் பக்கம் பேனா விற்க மாட்டார்களோ என்னவோ. நான் நன்றாக இருக்கிறேன். கன்னி மாதா புண்ணியத்தில் நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

செய்தி இதுதான். நம் ஒதிலியா முழுகாமல் இருக்கிறாள். ஆறு மாதம். மே மாதத் தொடக்கத்தில் பிறக்கும் என்று கணக்கு. அவள் புருஷன் ஹெனாரோ, கடலுக்குப் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் பிடித்து வருகிற மீன் அவனைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசும்.

தெமஸ்கால் குடிசை நீ விட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது. போன மழையில் குடிசையின் பின்சுவர் கரைந்தது. மண் குழைத்துப் பூசிவிட்டேன். ஆவிக் குளியலுக்கு ஆள் குறையவில்லை. போன மாதம் மட்டும் பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர். கல்லைக் காய்ச்சுவதும் நான், மண்வெட்டியில் ஏந்தி உள்ளே தள்ளுவதும் நான், பிறகு அந்தத் தாழ்ந்த வாசலில் தவழ்ந்து போய்க் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் நான். இடது கண் தெரியாததால் வாசல் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சரியாகப் பிடிபடுவதில்லை. முழங்கையில் ஒரு சூடு பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

நேற்று ஒதிலியா கேட்டாள்: "எனக்குக் கல்லு யாரும்மா காச்சுவா?"

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"நீ உள்ள என்கூட இருக்கணும்மா. வெளிய யாரு?"

அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

எர்மெலிந்தா


சான் கின்தீன்
6 மார்ச் 1996

என் லிந்தாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தோட்டத்து வேலியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஓடி வந்து, "என்னய்யா, ஊர்ல யாராச்சும் போயிட்டாங்களா?" என்றான். "இல்லப்பா, வரப்போறாங்க" என்றேன். அன்றைக்கு முழுவதும் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் தாத்தா ஆகப் போகிறேன் என்பது இந்தத் தோட்டத்துத் தக்காளிக்குக்கூடத் தெரியும்.

பேனா விற்கிறார்கள். ஏழு தடவை எழுதினேன். படித்துப் பார்த்தால் மன்னித்துக்கொள் என்பதைத் தவிர அதில் வேறு செய்தியே இல்லை. கிழித்துப் போட்டேன்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. ஓட்டலில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் மூன்று பேருக்கு உன்னைக் கேட்காமல் ஆவிக் குளியலுக்கு வாக்குக் கொடுத்தது நான். "எங்கம்மா குடுத்துட்டுப் போன இடம் உனக்கு சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொன்ன நாளில் பார்த்தால், நாம் காய்ச்சுகிற எரிமலைக் கற்களில் பாதி விரிசல் விட்டுப் போயிருந்தன. கழுதையோடு மலைக்குப் போய்ப் புதுக் கல் கொண்டு வர அரை நாள் ஆகும். அவர்களோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் வந்து நின்றுவிட்டார்கள். அலை ஒதுக்கிய உருண்டைக் கல் இரண்டைப் பொறுக்கி நெருப்பில் போட்டேன். கடற்கல்லுக்குள் ஈரம் இருக்கும், சூடேறினால் வெடிக்கும் என்று நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பது வருடம் நெருப்புக் காத்த எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தேன். உன் கண் போனது என் கையால்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "இனிமே என் நெருப்புக்கிட்ட நிக்காத" என்றாய். நியாயம். நான் வர மாட்டேன் லிந்தா. இந்தக் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஹெனாரோவைப் பழக்கு. கல் கறுப்பாக, கனமில்லாமல், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும். தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் தூக்கி எறியச் சொல்.

முழங்கைச் சூட்டுக்குக் கற்றாழை போடு. போட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன்
நிகானோர்


கார்சா முனை
24 மார்ச் 1996

நிகானோர்,

கற்றாழை போட்டேன். திருப்தியா?

உன் யோசனைப்படி ஹெனாரோவைப் பழக்கினேன். அந்தக் கூத்தைக் கேள். கல் அடுக்கச் சொன்னால் சந்தையில் தேங்காய் அடுக்குவது போல அடுக்குகிறான். காற்றுப் போக வழியில்லாமல் நெருப்பு மூச்சுத் திணறி அணைந்தது. மூன்று நாள் கழித்து ஒரு மாதிரி கை வந்தது. முட்டிவலி என்று செனைதா வந்தாள். சரி, இவளை வைத்துப் பார்க்கலாம் என்று ஹெனாரோவிடம் சொன்னேன்: "உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல நிறுத்தி, மனசுல ஏதாச்சும் வச்சிருக்கியான்னு கேக்கணும். இருந்தா அங்கேயே கொட்டிட்டுத்தான் உள்ள போகணும். அதக் கேக்காம நெருப்புக்காரன் ஒரு கல்லும் தரக்கூடாது."

அவன் கேட்டான். அந்த மகராசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வச்சிருக்கேன். போன வாரம் நீ எனக்குக் குடுத்த மீனு நாத்தம் புடிச்ச மீனு" என்றாள்.

"எது? என் மீனா? காலையில துள்ளிக்கிட்டிருந்த மீனு அது!"

"துள்ளல, நெளிஞ்சுது. புழு!"

வாயே திறக்காத பையன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கால் மணி நேரம் வாதாடினான். கல் ஆறிப்போய்விட்டது. அருவதா இலையும் எலுமிச்சைப் புல்லும் கட்டி வைத்திருந்தேன், அதுவும் வாடியது. நான் சிரித்த சிரிப்பில் தெரியாத கண்ணிலும் தண்ணீர் வந்தது. நீ இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஆனால் ஒதிலியா சிரிக்கவில்லை. "அப்பா வந்தாத்தான் நான் உள்ள போவேன். இல்லேன்னா ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கி முழுங்கிக்கறேன்" என்கிறாள். "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சீங்க. எனக்கு மட்டும் பாதியா?" பிள்ளை பெற்ற உடம்பு ஆவி படாமல் மூடாது, எலும்பில் குளிர் தங்கிவிடும் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உன்னைப் போலவே பிடிவாதம். சரி, என்னைப் போல.

உன் கடிதத்தில் அந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு மாவு அரைக்க வேண்டியிருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

லிந்தா


சான் கின்தீன்
12 ஏப்ரல் 1996

என் லிந்தாவுக்கு,

மீன் சண்டையைக் கொட்டகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது இங்கே யாருடைய சாப்பாட்டையாவது குறை சொல்ல வேண்டும் என்றால் "துள்ளல, நெளிஞ்சுது" என்கிறார்கள்.

உன்னிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இங்கே நம் மாநிலத்து மலைக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பின்னால் குச்சிகளை வளைத்துக் கட்டி, மேலே கம்பளி போட்டு, ஒரு சின்ன தெமஸ்கால் செய்தார்கள். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அவள் புருஷன் என்னைத் தேடி வந்தான். "நீங்க நெருப்புக்காரராமே, ஒரு கை குடுங்க மாமா" என்றான்.

"கையிலதான் தம்பி கோளாறு" என்றேன்.

இங்கே எரிமலைக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றிலும் அதே மலைதான். அவன் பொறுக்கி வைத்த கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கொடுத்தேன். எல்லாம் நல்ல கல். ஆனால் தீக்குச்சியை என் கையில் கொடுத்ததும் விரல் நடுங்க ஆரம்பித்தது. உள்ளே வெடித்த சத்தம், நீ "அம்மா" என்று கத்தியது, அந்த மூன்று பேரும் அலறிக்கொண்டு கடலுக்குள் ஓடியது, எல்லாம் திரும்பக் கேட்டது. குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நம் ஒதிலியாவின் வயதுதான் இருக்கும்.

ஆகவே வர மாட்டேன் என்றால் அது வீம்பு இல்லை. என் மகள் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருக்க, வெளியே நான் கல்லைத் தூக்கினால் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. அவளிடம் சொல். அப்பாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை, பயம் என்று சொல்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன அது? என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு. நீ திட்டியும் நாளாகிறது.

நிகானோர்


கார்சா முனை
5 மே 1996

நிகானோர்,

உட்கார்ந்து படி.

முதலில் நல்லது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை, புனிதச் சிலுவைத் திருநாளன்று காலையில், ஒதிலியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறி அழுதாள். தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உன்னுடையது, பாவம். வருகிற இருபத்து மூன்றாம் தேதி இருபதாம் நாள். அன்றைக்குத்தான் முதல் குளியல்.

இனி மற்றது. இதை நான் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு வாசலில் நீ என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. நான் உள்ளே போனேன், நீ கல்லைத் தள்ளினாய். மூன்றாவதாக வந்த கல்லை நெருப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். உருண்டையாக, வழவழவென்று, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. எரிமலைக் கல்லில் கோடு ஏது? அது கடற்கல் என்று பார்த்ததுமே எனக்குத் தெரியும், நிகானோர். தெரியும்.

"நிகானோர், இத எடு." மூன்றே சொல். ஆனால் நீயாக வந்து பேசும்வரை உன் பெயரைச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம். படீரென்று ஒரு சத்தம் வரட்டும், உன் விருந்தாளிகள் முன்னால் உனக்குத் தலைகுனிவு ஆகட்டும் என்று நினைத்தேன். வாசல் துணியை இழுத்து மூடிவிட்டுத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே என்னோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் குடிசையை அன்றைக்கே இடித்திருப்பாள்.

நான் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ அழ அழ எனக்குச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. உன்னைத் துரத்தியது உன் தப்புக்காக இல்லை. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தப்பு எதிரில் வந்து நின்றது. உன் கை நடுங்கியது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு மூன்று நாள் எனக்குச் சோளக்கஞ்சிகூட இறங்கவில்லை. இரண்டு வருடமாக என் பங்கையும் சேர்த்து நீ சுமந்திருக்கிறாய்.

ஒதிலியாவிடமும் சொல்லிவிட்டேன். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு எழுது, இன்னைக்கே எழுது" என்றாள்.

வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வா. உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவும் சரியாக இல்லை.

லிந்தா


பேருந்து நிலையம், குவாதலஹாரா
17 மே 1996

லிந்தா,

உன் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. படித்ததும் ஒரு தக்காளிப் பெட்டியை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கி, செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது. அதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நான் அடுப்புப் பற்றவைத்ததில்லை தெரியுமா? கூட இருக்கிறவன் பற்றவைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். சுருட்டுப் பிடிப்பதைக்கூட விட்டுவிட்டேன். தீக்குச்சியைக் கண்டால் ஒதுங்கிப் போகிற நெருப்புக்காரனை நீ பார்த்திருக்கிறாயா? ஒரு வார்த்தை லிந்தா. ஒரே ஒரு வார்த்தையை நீ எனக்குத் தந்திருக்கலாம்.

கடற்கல்லை நெருப்பில் போட்டது நான்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு முழுவதும் என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகு, பேருந்தில் ஏறியதும் தூங்க ஆரம்பித்தவன், நடத்துனர் வந்து உலுக்கிய பிறகுதான் எழுந்தேன். "பெருசு, உயிரோடதான் இருக்கியா?" என்றார். இவ்வளவு கோபத்தோடு இவ்வளவு நன்றாகத் தூங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. கையில் கொண்டு வருகிறேன். உன் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஹெனாரோ அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்தவன். அதனால் வாசலில் நின்று இதை உன்னிடம் கொடுப்பேன். நீ உள்ளே எடுத்துப் போய்ப் படி. வழியில் எங்கும் பேருந்து பழுதாகாமல் இருந்தால் இருபதாம் தேதி வந்து சேர்வேன். குளியலுக்கு மூன்று நாள் மிச்சமிருக்கும். அந்த மூன்று நாளும் நமக்கு வேண்டும். மனசுக்குள் இதை வைத்துக்கொண்டு என் மகளுக்கு நான் கல் தர முடியாது, நீயும் தண்ணீர் ஊற்ற முடியாது. நீ கத்து. நானும் கத்துகிறேன். செனைதா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். அந்த நாளில் ஆரம்பித்து, அதற்கு முன்னால் இருபது வருடத்தில் நீ விழுங்கியது, நான் விழுங்கியது எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். பகலில் சண்டை போடுவோம், நடுவில் பேத்தியைத் தூக்கிக்கொள்வோம். எதுவும் மிச்சமில்லை என்று ஆன பிறகு நான் நெருப்பு மூட்டுகிறேன். என் கை நடுங்கினால் நீ பிடித்துக்கொள்.

இந்த வரிக்கு நீ வரும்போது நான் வெளியே மணலில் நின்றுகொண்டிருப்பேன், வீங்கிய காலோடு. ஒதிலியாவை அனுப்பாதே. நீயே வா. வந்து, முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

நிகானோர்